தொலைபேசி முதல் இணையம் வரை: மனநல ஆலோசனை வளர்ந்த கதை

"மன அழுத்தம்" என்ற சொல் இன்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் வாயில்கூட வருகிறது. அலுவலகத்தில் பிரச்சினை, காதலில் பிரச்சினை, மாமியார் மருமகள் பிரச்சினை, தேர்வில் அரியர்... எதுவாக இருந்தாலும் செல்போனைத் திறந்தால் போதும், முகம் தெரியாத ஒருவரிடம் மனம் விட்டுப் பேசலாம், அவரும் பதில் சொல்வார் என்ற நிலை வந்துவிட்டது. இது ஏதோ கொரோனா காலத்தில் திடீரென்று முளைத்த விஷயம் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இதன் வேர் ஒரு சவ அடக்கத்தில் இருக்கிறது. ஆண்டு 1935. இடம் இங்கிலாந்தின் லிங்கன் நகரம்.

அந்த நகரத்தில் சாட் வாரா என்ற 24 வயது இளம் பாதிரியார் அப்போதுதான் பணியில் சேர்ந்திருந்தார். அவர் நடத்திவைத்த முதல் அடக்கம் ஒரு 14 வயதுச் சிறுமியுடையது. அவள் தன் உயிரை மாய்த்துக் கொண்டவள். காரணம் என்ன தெரியுமா? அவள் பருவமடைந்திருந்தாள். அது என்னவென்று சொல்லித்தர வீட்டில் யாரும் இல்லை. தனக்கு ஏதோ வெளியில் சொல்ல முடியாத பால்வினை நோய் வந்துவிட்டது என்று பயந்து போனாள். யாரிடமாவது கேட்டிருந்தால் இரண்டே நிமிடத்தில் தீர்ந்திருக்க வேண்டிய பயம் அது. கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இனி இப்படிக் கேட்க ஆளில்லாமல் யாரும் போகக்கூடாது என்று வாரா அந்தக் குழிக்கு அருகிலேயே முடிவு செய்ததாகப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். அதன் பிறகு இளைஞர்களுக்குப் பாலியல் கல்வி சொல்லிக் கொடுப்பதைத் தன் வேலையாக வைத்துக் கொண்டார். 1930களில் ஒரு பாதிரியார் இதைச் செய்தால் ஊர் என்ன பேசியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! (நம் ஊரில் மனநல மருத்துவர் மாத்ருபூதமும் டாக்டர் ஷர்மிளாவும் விஜய் டிவியில் 'புதிரா புனிதமா' நடத்தியபோது எழுந்த முணுமுணுப்பை நினைத்தால் ஓரளவு புரியும். அதுவும் அறுபது ஆண்டுகள் கழித்து!)

மளிகைக்காரர்கள் கொடுத்த தேவாலயம்

வாராவுக்கு இன்னொரு முகமும் உண்டு. அவர் சிறுவர்களுக்கான 'ஈகிள்' என்ற படக்கதை இதழில் எழுதியவர். ஊர்ப் பாதிரியார் வருமானம் போதாமல் எழுதினார் என்றாலும், பத்திரிகை உலகம் எப்படி இயங்குகிறது என்பது அவருக்கு இதனால் தெரிந்தது. பிற்பாடு அது மிகவும் கைகொடுத்தது.

1953இல் லண்டன் மாநகரின் நடுவே, வங்கிகள் நிறைந்த பகுதியில் உள்ள புனித ஸ்டீபன் வால்புரூக் தேவாலயத்துக்கு அவர் தலைமைப் பாதிரியார் ஆனார். 1666இல் லண்டனைச் சாம்பலாக்கிய பெரும் தீக்குப் பிறகு கிறிஸ்டோபர் ரென் கட்டிய தேவாலயம் அது. அதற்குப் பாதிரியாரை நியமிக்கும் உரிமை யாரிடம் இருந்தது தெரியுமா? லண்டனின் பழமையான மளிகை வணிகர் சங்கத்திடம்! வணிகவியல் மாணவர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம். அந்தத் தேவாலயத்தில் பெரிதாகக் குடியிருப்பவர்கள் கிடையாது. மாலையானால் அலுவலகங்கள் மூடி தெருவே காலியாகிவிடும். வாராவுக்கு நேரம் நிறைய இருந்தது.

அந்தக் காலத்தில் லண்டன் பெருநகரில் நாளொன்றுக்குச் சராசரியாக மூன்று பேர் தற்கொலை செய்து கொண்டார்கள். தீப்பிடித்தால் 999 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், அந்த வசதி 1937இலேயே வந்துவிட்டது. மனம் பற்றி எரிந்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது? இதுதான் வாராவின் கேள்வி. எல்லோர் நினைவிலும் நிற்கிற மாதிரி ஓர் எண் வேண்டும் என்று யோசித்தார். மேன்சன் ஹவுஸ் இணைப்பகத்துக்கு உட்பட்ட பகுதி என்பதால் 'மேன் 9000' என்ற எண் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்து, தேவாலயத்தில் கிடந்த தொலைபேசியின் தூசியைத் துடைத்துப் பார்த்தாராம். அதில் ஏற்கெனவே அதே எண்தான் இருந்ததாம்! இது அவரே சொன்ன கதை. பத்திரிகையில் எழுதியவர் அல்லவா, கொஞ்சம் மெருகு இருக்கலாம். ஆனால் எண் என்னவோ உண்மையிலேயே அதுதான்.

1953 நவம்பர் 2ஆம் தேதி முதல் அழைப்பு வந்தது. அடுத்த மாதம் 'டெய்லி மிர்ரர்' நாளிதழ் "தொலைபேசி நல்ல சமாரியர்கள்" என்று தலைப்பிட்டுச் செய்தி வெளியிட்டது. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தன் இனத்தான் இல்லை என்று பாராமல் காப்பாற்றிய சமாரியனின் பைபிள் கதையிலிருந்து வந்த பெயர். வாரா தேடிப் பிடித்த பெயர் இல்லை அது, பத்திரிகைக்காரர்கள் வைத்தது. அதுவே 'சமாரிட்டன்ஸ்' என்று நிலைத்துவிட்டது.

இங்கே ஒன்றை மறந்துவிடக் கூடாது. இங்கிலாந்தில் அப்போது தற்கொலை முயற்சி ஒரு குற்றம். பிழைத்தவரைக் கைது செய்து சிறையில்கூடப் போடலாம். 1961இல்தான் அந்தச் சட்டம் மாறியது. அதாவது முதல் எட்டு ஆண்டுகள் அந்தத் தொலைபேசியில் பேசியவர்கள் சட்டத்தின் பார்வையில் குற்றம் செய்ய நினைத்தவர்கள். பெயர் கேட்காமல் பேசுவது என்ற வழக்கம் எவ்வளவு அவசியமாக இருந்தது என்பது இதிலிருந்து புரியும்.

தேநீர் கொடுத்தவர்கள் செய்த அதிசயம்

இந்த வரலாற்றிலேயே மிக முக்கியமான திருப்பம் திட்டமிட்டு நடந்ததல்ல. செய்தி பரவியதும் வாராவைப் பார்க்கக் கூட்டம் சேர ஆரம்பித்தது. அவர் ஒருவர், வருபவர்களோ பலர். காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுத்து, ஆறுதலாக இரண்டு வார்த்தை பேச சில தன்னார்வலர்கள் வந்து உதவினார்கள். அவர்கள் மருத்துவர்கள் கிடையாது, பட்டம் வாங்கியவர்கள் கிடையாது. சும்மா உட்கார்ந்து கேட்டார்கள்.

சில வாரங்களில் வாரா ஒன்றைக் கவனித்தார். காத்திருந்தவர்களில் பலர், தன் முறை வந்தபோது "இனி உங்களைப் பார்க்கத் தேவையில்லை" என்று கிளம்பிப் போனார்கள். தேநீர் கொடுத்தவர்களிடம் பேசியதே போதுமானதாக இருந்தது! தன் படிப்பையும் பதவியையும் நினைத்து ஒரு மனிதருக்கு இது வலித்திருக்க வேண்டும். வாராவோ 1954 பிப்ரவரி 2ஆம் தேதி தன்னார்வலர்களை அழைத்து, இனி தொலைபேசியை எடுப்பது உங்கள் வேலை என்று ஒப்படைத்துவிட்டார். தான் வழிகாட்டுவதோடு நின்று கொண்டார்.

அறிவுரை சொல்லாமல் கேட்பது என்ற முறை அங்கே நடைமுறையானது. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் கார்ல் ரோஜர்ஸ் என்ற உளவியலாளர் இதையே வேறு வழியில் சொல்லிக் கொண்டிருந்தார். வருபவரை 'நோயாளி' என்று அழைக்காதீர்கள், அவர் சொல்வதை அவருக்கே திருப்பிச் சொல்லுங்கள், தீர்வை அவரே கண்டுபிடிப்பார் என்பது அவர் கொள்கை. நம் ஊரில் ஆலோசனை என்றாலே "நான் சொல்றதைக் கேளு" என்று ஆரம்பிக்கும் பழக்கம் அல்லவா! அதனால்தான் பெரியப்பாவிடம் சொல்ல முடியாததை ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லி விடுகிறோம்.

பிறகு இந்த எண்ணம் நாடு நாடாகப் பரவியது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் 1958இல் தற்கொலைத் தடுப்பு மையம், ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 1963இல் 'லைஃப்லைன்', இலங்கையில் 1974இல் ஜோன் டி மெல் தொடங்கிய 'சுமித்ரயோ' என்று வரிசையாக வந்தன. சென்னையில் 1986 ஏப்ரலில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 'சினேகா'வைத் தொடங்கினார். தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில் செய்தித்தாள்களில் சினேகாவின் எண் அச்சாவதைப் பார்த்திருப்பீர்கள்.

நாலு பேர் கேட்கும் தொலைபேசி

இங்கே ஒரு சிக்கல். தொலைபேசி உதவி எண் என்பது தனியறை இருக்கும் வீட்டுக்குப் பொருந்தும். 1980களிலும் 90களிலும் தமிழ்நாட்டில் எத்தனை வீட்டில் தொலைபேசி இருந்தது? இருந்த வீட்டிலும் அது கூடத்தில், எல்லோரும் உட்காரும் இடத்தில், பூ வேலை செய்த துணி போர்த்தி வைக்கப்பட்டிருக்கும். கணவன் அடிக்கிறான் என்று சொல்ல நினைக்கும் பெண், மாமியார் காய் நறுக்கிக் கொண்டிருக்கும் கூடத்தில் நின்று எப்படிப் பேசுவாள்? எஸ்.டி.டி பூத்துக்குப் போனால் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாலு பேர் காத்திருப்பார்கள், தலைக்கு மேலே சிவப்பு எழுத்தில் ரூபாய் ஓடும். அழுதுகொண்டே பேசவும் முடியாது, காசைப் பார்க்காமல் இருக்கவும் முடியாது.

குரல் எழுப்பாமல் பேச ஒரு வழி தேவைப்பட்டது. எழுத்து!

எழுதிக் கேட்பது ஒன்றும் புதிதல்ல. 1691லேயே லண்டனில் ஜான் டன்டன் என்ற புத்தக வியாபாரி வாசகர்கள் பெயர் போடாமல் அனுப்பும் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கென்றே ஒரு பத்திரிகை நடத்தினார். காதல், கல்யாணம், ஆவி, அறிவியல் எல்லாம் அதில் வரும். சிக்மண்ட் ஃபிராய்டு 1909இல் வெளியிட்ட 'குட்டி ஹான்ஸ்' என்ற புகழ்பெற்ற ஆய்வில், குதிரையைக் கண்டு பயந்த அந்தச் சிறுவனைச் சிகிச்சையின்போது நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை. மற்றதெல்லாம் பையனின் அப்பாவோடு நடந்த கடிதப் போக்குவரத்துதான். இன்று "நேரில் பார்க்காமல் மனநல ஆலோசனையா?" என்று முகம் சுளிப்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

பொறியாளரும் எலிசாவும்

எழுத்து கணினிக்குள் நுழைந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. வேடிக்கை என்பது சரியான வார்த்தையா என்பது வேறு விஷயம்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் ஜோசப் வெய்சன்பாம் என்ற பேராசிரியர் இருந்தார். பெர்லினில் பிறந்த யூதர், ஹிட்லருக்குப் பயந்து 1936இல் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தவர். அவர் 1966இல் 'எலிசா' என்ற நிரலைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்தில் உயர்குடிப் பேச்சைக் கற்றுக் கொள்ளும் பூக்காரப் பெண்ணின் பெயர் அது. மனிதர் தட்டச்சு செய்வதற்கு எலிசா பதில் தட்டச்சு செய்யும். அதில் மிகவும் பிரபலமான வடிவம் 'டாக்டர்'. மேலே சொன்ன கார்ல் ரோஜர்ஸ் பாணி ஆலோசகராக நடிக்கும்.

எப்படி வேலை செய்தது? மிக எளிது. நீங்கள் எழுதும் வாக்கியத்தில் முக்கியமான ஒரு சொல்லைத் தேடும். அம்மா என்று எழுதினால், உங்கள் குடும்பத்தைப் பற்றி மேலும் சொல்லுங்கள் என்று கேட்கும். சோகமாக இருக்கிறேன் என்றால், நீங்கள் சோகமாக இருப்பது வருத்தமளிக்கிறது என்று 'நான்' இருந்த இடத்தில் 'நீங்கள்' போட்டுத் திருப்பி அனுப்பும். ஒன்றும் அகப்படவில்லை என்றால், மேலே சொல்லுங்கள் என்று சமாளிக்கும். அதற்கு ஒன்றுமே புரியாது. உலகத்தைப் பற்றி எதுவும் தெரியாமலேயே உரையாடலை ஓட்டக்கூடிய வெகு சில பாத்திரங்களில் ரோஜர்ஸ் பாணி ஆலோசகரும் ஒன்று என்பதால்தான் வெய்சன்பாம் அதைத் தேர்ந்தெடுத்தார்.

ஆனால் நடந்ததைப் பாருங்கள். அந்த நிரல் உருவாவதை மாதக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்த அவருடைய சொந்தச் செயலாளரே, எலிசாவோடு பேச ஆரம்பித்த சிறிது நேரத்தில் திரும்பிப் பார்த்து, கொஞ்சம் அறையை விட்டு வெளியே போகிறீர்களா என்று அவரைக் கேட்டார்! அது வெறும் நிரல் என்று அந்தப் பெண்ணுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் தனிமை கேட்டார்.

வேறு யாராக இருந்தாலும் உடனே கம்பெனி ஆரம்பித்திருப்பார்கள். ஸ்டான்ஃபோர்டில் கென்னத் கோல்பி என்ற மனநல மருத்துவர், மருத்துவர் பற்றாக்குறை உள்ள இடங்களில் இப்படிப்பட்ட கணினிகள் ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கானவர்களைக் கவனிக்கலாம் என்று 1966லேயே எழுதினார். வெய்சன்பாமோ பயந்து போனார். மனித மரியாதை, இரக்கம் தேவைப்படும் இடங்களில் இயந்திரத்தை வைக்கவே கூடாது என்று 1976இல் ஒரு புத்தகமே எழுதினார். தான் பெற்ற பிள்ளைக்கு எதிராகத் தானே சாட்சி சொன்ன மனிதர்! உடன் பணியாற்றியவர்களில் பலருக்கு அவர் மீது எரிச்சல்தான் வந்தது.

எஸ்ரா மாமாவைக் கேளுங்கள்

அதே காலகட்டத்தில் மனிதர்களே தொலைவிலிருந்து பேசும் முயற்சியும் நடந்து கொண்டிருந்தது. நெப்ராஸ்காவில் செசில் விட்சன் என்ற மருத்துவர் 1959லேயே இருவழித் தொலைக்காட்சி மூலம் மனநல சிகிச்சை செய்து பார்த்தார். 1964இல் 112 மைல் தூரத்தில் இருந்த அரசு மனநல மருத்துவமனையோடு நேரடி இணைப்பு கொடுத்தார். இன்றைய வீடியோ காலுக்கு அதுதான் தாத்தா.

ஆனால் சாதாரண மாணவனின் சாதாரணக் கவலைக்குக் கணினி வழியே பதில் வந்தது 1986இல், கார்னெல் பல்கலைக்கழகத்தில். மாணவர் மனநலப் பிரிவைச் சேர்ந்த ஜெர்ரி ஃபெய்ஸ்ட் என்பவரும் கணினிப் பிரிவைச் சேர்ந்த ஸ்டீவ் வொரோனா என்பவரும் சேர்ந்து 'எஸ்ரா மாமாவைக் கேளுங்கள்' என்ற சேவையைத் தொடங்கினார்கள். வளாகத்துக் கணினி முனையத்தில் பெயர் இல்லாமல் கேள்வியைத் தட்டிவிட்டுப் போகலாம். சில நாட்களில் பதில் வரும். கேள்வியும் பதிலும் எல்லோர் பார்வைக்கும் இருக்கும். அறைத்தோழன் தொல்லை, காதல் தோல்வி, வீட்டு ஏக்கம், மதிப்பெண் பயம்... உலகெங்கும் மாணவர்களின் பட்டியல் ஒன்றுதான் போலிருக்கிறது. தன்னுடைய கேள்வியை வேறொருவர் ஏற்கெனவே கேட்டிருப்பதைப் படிப்பதே பாதி மருந்து. நமக்கு மட்டும்தான் இப்படி என்ற நினைப்பு உடைந்துவிடுகிறது அல்லவா!

எஸ்ரா என்பது அந்தப் பல்கலைக்கழகத்தை நிறுவிய எஸ்ரா கார்னெலின் பெயர். அவர் பணம் சம்பாதித்தது எதில் தெரியுமா? தந்திக் கம்பி போடுவதில்!

1990களில் உலகளாவிய இணையம் வந்ததும் வேகம் பிடித்தது. சமாரிட்டன்ஸ் அமைப்பு 1994லேயே மின்னஞ்சல் சேவையைத் தொடங்கிவிட்டது. பதில் எழுதுபவர் யாராக இருந்தாலும் 'ஜோ' என்ற பெயர்தான். ஆணா பெண்ணா என்று தெரியாது. 1995இல் ஜான் குரோஹோல் என்ற உளவியலாளர் மனநலத் தகவலுக்கென்றே ஓர் இணையதளம் திறந்தார். அதே ஆண்டு டேவிட் சோமர்ஸ் என்பவர் கட்டணம் வாங்கிக்கொண்டு தொடர்ச்சியாக இணையம் வழியே ஆலோசனை தர ஆரம்பித்தார். காசு கொடுத்து வாங்கும் இணைய ஆலோசனையின் முதல் கடை என்று அதைத்தான் பொதுவாகச் சொல்கிறார்கள்.

திரைக்கு முன்னால் மனிதர்கள் ஏன் இப்படி மனம் திறக்கிறார்கள் என்பதை ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004இல் விளக்கினார். பெயர் தெரியாது, முகம் தெரியாது, எதிரில் இருப்பவரின் கொட்டாவியோ புருவ நெளிப்போ தெரியாது, பதில் உடனே வர வேண்டியதில்லை. இவையெல்லாம் சேர்ந்து மனதின் தாழ்ப்பாளைத் தளர்த்திவிடுகின்றன. இதில் இரண்டு பக்கமும் உண்டு என்பதையும் அவர் சொன்னார். அழாதவன் அழுவதும் இதனால்தான், நல்லவன் என்று பெயர் எடுத்தவன் கெட்ட வார்த்தையில் திட்டுவதும் இதனால்தான்.

வேலை செய்கிறதா?

கேள்வி நியாயமானது. 2004இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 525 பேரை வைத்துச் செய்த சோதனையை வெளியிட்டார்கள். இணையத்தில் நாமே படிப்படியாகச் செய்யக்கூடிய மனப்பயிற்சி, மனச்சோர்வைக் குறைத்தது என்று அதில் தெரிந்தது. 2009இல் 'லான்செட்' இதழில் பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று வந்தது. இதில் 297 பேர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான மருத்துவத்தோடு, சிகிச்சையாளர் ஒருவர் நேரலையில் தட்டச்சு செய்து உரையாடும் ஆலோசனையும் கிடைத்தது. நான்கு மாதத்தில் அவர்களில் 38 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டார்கள். ஆலோசனைக்காகக் காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களில் 24 சதவீதம் பேர்தான் மீண்டார்கள். வெறும் எழுத்துதான், முகம்கூடப் பார்க்கவில்லை.

அதற்காக உதவி எண்களும் இணையதளங்களும் மட்டுமே உயிர்களைக் காப்பாற்றிவிடும் என்று நினைத்தால் அதுவும் தவறு. இலங்கையில் 1995இல் லட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலை விகிதம் உலகின் உச்சத்துக்குப் போனது. அடுத்த பத்து ஆண்டுகளில் அது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆய்வாளர்கள் முதன்மையாகக் காட்டும் காரணம், 1995இலும் 1998இலும் கொடிய பூச்சிமருந்துகளுக்கு விதிக்கப்பட்ட தடை. ஓர் அரசு உத்தரவு அவ்வளவு செய்தது. சுமித்ரயோ தன்னார்வலர்கள் கேட்ட கதைகள் வீண் என்று இதற்குப் பொருள் அல்ல. குடும்பச் சண்டை நாளை ஆறிவிடும், அந்த ஒரு இரவைக் கடத்த வேண்டும், அதற்குக் காதும் வேண்டும், சட்டமும் வேண்டும்.

தமிழ்நாட்டில் இன்னொரு வகை முயற்சியையும் சொல்லியாக வேண்டும். டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' நிறுவனம், சுனாமிக்குப் பிறகு தொலைவழி மனநல சிகிச்சையில் இறங்கியது. 2010இல் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஒரு பேருந்தையே அனுப்பியது. பேருந்துக்குள் ஒரு திரை, திரையில் சென்னை மருத்துவர், பக்கத்திலேயே மருந்துக் கொடுக்குமிடம். ஆளாளுக்கு வீட்டில் இணையம் வரும் என்று காத்திருக்காமல், இணையத்தையே ஊருக்குள் ஓட்டிக்கொண்டு போனார்கள்! இது காதல் தோல்விக்கான ஆலோசனை அல்ல, மனச்சிதைவு போன்ற கடும் நோய்களுக்கான சிகிச்சை. ஆனாலும் "திரையில் தெரிபவரிடம் பேசலாம்" என்று கிராமத்துக் குடும்பங்களுக்குப் பழக்கியதில் அந்தப் பேருந்துக்குப் பங்கு உண்டு.

கணக்குப் புத்தகம்

வாரா தொடங்கியபோது விலைப்பட்டியல் கிடையாது. 2010களில் இது ஒரு பெரிய தொழிலாகிவிட்டது. 'டாக்ஸ்பேஸ்' 2012இலும் 'பெட்டர்ஹெல்ப்' 2013இலும் அமெரிக்காவில் தொடங்கப்பட்டன. பெட்டர்ஹெல்ப்பின் ஆண்டு வருவாய் 2022இல் 100 கோடி டாலரைத் தாண்டியது.

வருவாய் எங்கே இருக்கிறதோ அங்கே விளம்பரம் இருக்கும். விளம்பரம் எங்கே இருக்கிறதோ அங்கே தகவல் வியாபாரம் இருக்கும். ரகசியம் காப்போம் என்று உறுதி கொடுத்துவிட்டு, பயனாளர்களின் மின்னஞ்சல் முகவரி போன்ற விவரங்களை ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் உள்ளிட்ட நிறுவனங்களுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்ததாக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் பெட்டர்ஹெல்ப் மீது குற்றம் சாட்டியது. 2023இல் 78 லட்சம் டாலர் தருவதாக அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது, தவறு செய்ததாக மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. வருவாயோடு ஒப்பிட்டால் அந்தத் தொகை ஒரு சதவீதத்துக்கும் கீழே! பேலன்ஸ் ஷீட்டில் எங்கே இருக்கிறது என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

லாப நோக்கமற்ற அமைப்பும் தப்பவில்லை. குறுஞ்செய்தி வழியாக ஆறுதல் தரும் அமெரிக்காவின் 'கிரைசிஸ் டெக்ஸ்ட் லைன்' 2013இல் தொடங்கியது. தன்னிடம் வந்த உரையாடல்களின் தகவல்களைப் பெயர் நீக்கி, வாடிக்கையாளர் சேவை மென்பொருள் செய்யும் ஒரு வணிக நிறுவனத்தோடு பகிர்ந்தது என்று 2022 ஜனவரி இறுதியில் செய்தி வெளியானது. சில நாட்களிலேயே பகிர்வை நிறுத்தியது. பெயர் நீக்கப்பட்டது என்பது உண்மையாகவே இருக்கட்டும். நள்ளிரவில் ஒருவர் சாக நினைத்து அனுப்பிய செய்தி, ஏதோ ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவு நன்றாகப் பேசக் கற்றுக் கொள்வதற்குப் பாடமாகப் போவதை யார் ஏற்றுக் கொள்வார்கள்?

எல்லாவற்றிலும் கொடுமையானது பின்லாந்தில் நடந்தது. 'வஸ்தாமோ' என்ற தனியார் மனநல ஆலோசனை நிறுவனத்தின் கணினியிலிருந்து ஏறத்தாழ 33,000 பேரின் பதிவுகள் திருடப்பட்டன. 2020இல் திருடன் முதலில் நிறுவனத்தை மிரட்டினான். பணம் கிடைக்கவில்லை என்றதும் நோயாளிகளுக்கே தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்பினான். 200 யூரோவைப் பிட்காயினாகக் கொடு, இல்லையென்றால் நீ ஆலோசகரிடம் சொன்னதெல்லாம் வெளியே வரும் என்று. கணவனிடம் சொல்லாததை, பெற்றோரிடம் சொல்லாததை நம்பிச் சொன்னவர்கள் அவர்கள். 2024 ஏப்ரலில் நீதிமன்றம் குற்றவாளிக்கு ஆறு ஆண்டு மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. வஸ்தாமோ நிறுவனம் அதற்கு முன்பே, 2021இல், திவாலாகிவிட்டது.

தேநீர் கொடுத்தவர்கள் குறிப்பெடுத்துக் கணினியில் ஏற்றவில்லை என்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு!

14416

இந்தியாவில் தற்கொலை முயற்சி வெகுகாலம் குற்றமாகவே இருந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக்கூடாது என்றது. அது 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பழைய 309ஆவது பிரிவே இல்லை. இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் அறுபது ஆண்டுத் தாமதம்.

2020 மார்ச் மாதம், ஊரடங்கு தொடங்கிய அதே நாட்களில், தொலைவழி மருத்துவத்துக்கான விதிமுறைகளை மத்திய அரசு வெளியிட்டது. வீட்டுக்குள் அடைபட்ட குடும்பங்களில் என்னென்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். 2022 அக்டோபர் 10ஆம் தேதி, உலக மனநல நாளில், 'டெலி மானஸ்' தொடங்கப்பட்டது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை இதன் தலைமை மையம். 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். வாரா கேட்ட மாதிரியே, மனதில் நிற்கும் சின்ன எண்!

மறுபக்கம், எலிசாவின் பேரப்பிள்ளைகள் வந்துவிட்டார்கள். பெங்களூருவில் பிறந்த 'வைசா', ஸ்டான்ஃபோர்டிலிருந்து 2017இல் வந்த 'வோபாட்' போன்ற செயலிகள் மனிதர் இல்லாமலேயே ஆறுதல் சொன்னன. வோபாட் தன் செயலியை 2025 ஜூன் 30 அன்று மூடியது. அடுத்து ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலம், செயற்கை நுண்ணறிவு தானாகவே மனநல சிகிச்சை தருவதைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. உரிமம் பெற்ற சிகிச்சையாளர்கள் நேரம் ஒதுக்குவது, ரசீது போடுவது போன்ற அலுவலக வேலைக்கு அதைப் பயன்படுத்தலாம். வெய்சன்பாம் இதைப் பார்க்க இல்லை. 2008லேயே இறந்து போனார். ஆனால் தடை போட்ட அந்த மாதத்திலும் உலகெங்கும் எத்தனையோ பேர் அறைக் கதவைச் சாத்திவிட்டு, அந்தச் செயலாளரைப் போலவே, இயந்திரத்திடம் பேசிக் கொண்டுதான் இருந்தார்கள்.

சாட் வாரா 2007 நவம்பரில் தன் 95ஆவது வயதில் காலமானார். மேன் 9000 என்று எழுதிய அந்தத் தொலைபேசியை வால்புரூக் தேவாலயத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். சமாரிட்டன்ஸ் அமைப்புக்கு அழைக்க இங்கிலாந்தில் வெகுகாலம் தொலைபேசிக் கட்டணம் இருந்தது. 2015இல்தான் 116 123 என்ற எண் வந்து அது முழுக்க இலவசமானது. அதை எடுப்பவர்கள் இன்றும் தன்னார்வலர்களே.